குவளை ஓர் ஊர், மூடி ஓர் ஊர்

கோப்லென்ஸ் நகருக்கு வருகிறவர்கள் ரைன் ஆறும் மோசல் ஆறும் கூடுகிற முனையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஏதாவது ஓர் ஒயின் கடையில் உட்கார்ந்து எழுந்து, கப்பலேறிப் போய்விடுகிறார்கள். ரைனைத் தாண்டி எதிர்க்கரை மலையில் ஏறும் பஸ் பக்கம் அவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. சுமார் 15 கிலோமீட்டர்தான். மேலே ஹோர்-கிரென்ஸ்ஹவுசன் என்று ஓர் ஊர். நான் போன பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், முட்டைக்கோஸ் எட்டிப் பார்க்கும் பையோடு ஒரு பாட்டி, நான், என் அக்கா மகன். அவ்வளவுதான் கூட்டம்.

அக்கா மகன் அந்த ஊரில்தான் படிக்கிறான். கோப்லென்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி தன் பீங்கான் பொறியியல் படிப்பை மலைமேல் வைத்திருக்கிறது. மண் இருக்கும் இடத்தில் மண்ணைப் படிப்பதுதானே முறை. "ஜெர்மனிக்கு வந்துட்டு பீர் மக் பார்க்கணும்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான் மாமா. அதுவும் பீரே குடிக்காத ஆள்" என்றான். உண்மைதான், அந்தக் கசப்பு எனக்கு ஒத்துவருவதில்லை. ஆனால் அந்தக் குவளைகள் மேல் வெகுநாள் ஆசை. சாம்பல் நிற உடம்பு, அதில் அடர்நீலத்தில் பூவும் கொடியும், தலையில் கீல் வைத்த ஈய மூடி, கைப்பிடிக்கு மேலே கட்டைவிரல் வைத்து அழுத்த ஒரு குமிழ். அழுத்தினால் மூடி திறக்கும்; விரலை எடுத்தால் 'டக்'கென்று விழும். குடிக்கிற பாத்திரத்துக்குக் கதவு வைக்கும் யோசனை எங்கே, எப்படி வந்தது என்று பார்க்கத்தான் கிளம்பினேன்.

ஊரைச் சுற்றிய பகுதிக்குக் கன்னன்பெக்கர்லாண்ட் என்று பெயர். ஜாடி சுடுகிறவர்களின் நாடு. வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியின் தென்மேற்கு ஓரம் இது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்த களிமண் இங்கே கனமான அடுக்குகளாகக் கிடக்கிறது. ஐரோப்பாவில் இவ்வளவு நல்ல களிமண் கிடைக்கிற இடங்கள் குறைவு. அந்தக் காலத்தில் கிணறு மாதிரி குறுகலாக இறங்கி, அடியில் போனதும் நாலா பக்கமும் அகலமாகக் குடைந்து மண்ணை எடுத்திருக்கிறார்கள். மேற்கூரை சரியும் என்று தோன்றினால் அந்தக் குழியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொரு குழி. இன்று எந்திரங்கள் படிப்படியாக வெட்டுகின்றன. இங்கிருந்து போகும் மண்ணில்தான் இத்தாலி டைல்ஸ் தொழிற்சாலைகளில் பலவும் ஓடுகின்றன.

சாதாரண மண்பானையில் தண்ணீர் கசியும். கோடையில் நமக்கு அது வேண்டியதும்கூட. இந்த மலை மண்ணை 1,200 டிகிரிக்கு மேல் சுட்டால் அதன் துகள்கள் பாதி உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாக இறுகிவிடும். சொட்டுக் கசியாது, புளிப்பு ஏறாது, முந்தின நாள் வாசனை தங்காது. இதைத்தான் ஸ்டோன்வேர் என்கிறார்கள். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியும் இந்த இனம்தான்.

ஒரு பட்டறையில் உப்புச் சூளை பார்த்தேன். சூளை அன்று ஆறிக் கிடந்தது. உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொன்னார் குயவர். அறுபது வயதிருக்கும் அம்மாள். உள்சுவர்ச் செங்கல் முழுக்கப் பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடி வழிந்து உறைந்திருந்தது. "சூளையே பாத்திரத்தோட சேர்ந்து மெருகு போட்டுக்குது" என்று மருமகன் மொழிபெயர்த்தான். வேலை நடக்கும் விதம் இதுதான்: பச்சைப் பாத்திரங்களுக்கு மெருகு எதுவும் பூசாமல் அப்படியே அடுக்குவார்கள். சூடு உச்சத்துக்குப் போனதும் சூளையின் கூரையில் இருக்கும் துளைகள் வழியாகச் சாதாரண உப்பைக் கொட்டுவார்கள். உப்பு வெடித்து ஆவியாகும். அதிலிருக்கும் சோடியம் களிமண்ணில் உள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் பிடித்துக்கொண்டு மெல்லிய கண்ணாடித் தோலாகப் படியும். மிச்சம் அமிலப் புகையாக வெளியேறும். சூளை நாள்களில் ஊர் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்திருக்க வேண்டும். விறகுச் சூளையில் இந்தக் காரியம் நாள்கணக்கில் நடக்கும். இரவில் யாரும் தூங்க முடியாது.

உப்பு மெருகைக் கண்ணால் பார்த்தால் பாதிதான் தெரியும், தடவித்தான் பார்க்க வேண்டும். ஆரஞ்சுத் தோல் என்றே இங்கே அதைச் சொல்கிறார்கள். புள்ளி புள்ளியாக ஒரு மேடுபள்ளம். நீலம் ஏன் என்ற கேள்விக்கும் சூளைதான் பதில். அந்தச் சூட்டையும் உப்பையும் தாங்கி நிறம் மாறாமல் நிற்பவை கோபால்ட் நீலமும் மாங்கனீஸ் ஊதாவும்தான். சிவப்பும் மஞ்சளும் எரிந்துவிடும். உள்ளே காற்றைக் குறைத்துப் புகையில் சுடுவதால் உடம்புக்குச் சாம்பல் நிறம். வெஸ்டர்வால்ட் என்றால் சாம்பலும் நீலமும் என்று ஆனது இப்படித்தான். யாரோ கலைஞர் யோசித்துத் தேர்ந்தெடுத்த வண்ணக் கூட்டு என்று நான் நினைத்திருந்தால் அந்த அம்மாள் சிரித்திருப்பார். கோடு கீறுவது ஆண்களும் பெண்களுமாகச் செய்த வேலை. கீறிய கோட்டுக்குள் நீலம் நிரப்புவதற்கென்றே தனியாகப் பெண்கள் இருந்தார்கள். கோட்டைத் தாண்டி நீலம் வழியாமல் இருப்பதற்குத்தான் அந்தக் கீறலே.

இந்தத் தொழில் இங்கே பெரிதாக எழுந்ததற்கு வெளியூர்க்காரர்களும் காரணம். 1590-ஐ ஒட்டி, கொலோனுக்குத் தெற்கே சீக்பர்கிலிருந்து க்னூட்கன் குடும்பத்தாரும், இன்று பெல்ஜியத்தில் இருக்கும் ரேரனிலிருந்து மென்னிக்கன் குடும்பத்தாரும் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். சீக்பர்க்காரர்கள் வெள்ளை மண்ணில் உயரமான குவளை செய்து, அச்சில் எடுத்த பைபிள் காட்சிகளை ஒட்டுவதில் பேர்போனவர்கள். ரேரன்காரர்கள் பழுப்பில் தொடங்கிச் சாம்பல்-நீலத்துக்கு வந்தவர்கள். இரண்டு கைப்பழக்கமும் இங்கே கலந்தன. பிறகு முப்பதாண்டுப் போர். 1632-இல் சுவீடன் படை சீக்பர்கைச் சூறையாடியதோடு அந்த ஊர்த் தொழில் படுத்துவிட்டது. மலை ஊர் தப்பியது. 1643-இல் ஜாடி சுடுகிறவர்கள் தங்களுக்குச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

வெஸ்டர்வால்ட் பீங்கான் அருங்காட்சியகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நாங்கள் போன அன்று காவலரைத் தவிர உள்ளே யாரும் இல்லை. அலமாரிகளில் ஜாடி, குவளை, மைக்கூடு, உப்புக் கிண்ணம், ஏன், நீர் வடிகட்டிவரை. நான் அதிக நேரம் நின்றது இரண்டு எழுத்துக்கு முன்னால். குண்டு ஜாடிகளின் வயிற்றில், கிரீடத்துக்குக் கீழே 'ஜி ஆர்' என்று பொறித்திருக்கிறது. ஜார்ஜ் ரெக்ஸ், இங்கிலாந்து அரசர் ஜார்ஜ். அதற்கு முன்னால் ஆன் அரசிக்கு 'ஏ ஆர்'. ஜெர்மன் மலையூர்க் குயவருக்கு லண்டன் அரசி எதற்கு? வியாபாரம்தான். மலையடியில் ரைன் ஓடுகிறது. படகில் ஏற்றினால் ஹாலந்து, அங்கிருந்து இங்கிலாந்து, அங்கிருந்து அமெரிக்கக் குடியேற்றங்கள். வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்கைத் தோண்டியவர்களுக்கு இந்தச் சாம்பல்-நீல ஓடுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. வாங்குகிறவனின் அரசரைப் பாத்திரத்தில் பொறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அரசர் மாறினால் அச்சு மாறும், வேறொன்றும் இல்லை.

அலமாரிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனபோதுதான் ஒன்று உறைத்தது. பாதிக்கு மேல் மூடி இல்லை. "உடைஞ்சிருக்குமோ?" என்றேன். "மூடி இந்த ஊர்ச் சரக்கு இல்ல மாமா. இவங்க மொட்டையாத்தான் அனுப்புவாங்க. வாங்கின ஊர்ல மூடி போட்டுக்குவாங்க" என்றான்.

அதுவரை எனக்கு இது ஒரே பொருள். அந்த நிமிடம் இரண்டாகப் பிரிந்தது. மண் குயவருடையது, ஈயம் வேறொரு சங்கத்துக்காரருடையது. குயவர் ஈயத்தைத் தொட முடியாது, ஈயம் வார்ப்பவர் சக்கரத்தில் உட்கார முடியாது. படகில் வந்து இறங்கிய குவளைக்கு அந்தந்த ஊர்க்காரர் தலை வைத்தார். சிலர் வசதிக்கு ஏற்ப வெள்ளியே போட்டார்கள். முதலாம் எலிசபெத் காலத்து இங்கிலாந்தில், ரைன் கரை மண்ஜாடிக்குத் தங்கமுலாம் பூசிய வெள்ளி மூடியும் கழுத்துப் பட்டையும் பூட்டி வைத்திருந்த பணக்காரர்கள் உண்டு. ஜாடியின் விலையைப் போலப் பல மடங்கு மூடிக்கு ஆகியிருக்கும். குவளை எங்கே பிறந்தது என்று மண் சொல்லும். எங்கே வாழ்ந்தது, யாரிடம் இருந்தது என்று மூடிதான் சொல்லும். பழைய குவளைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உடம்பையே வியந்துகொண்டிருக்கிறார்கள். நான் மூடியின் பின்னால் போவது என்று முடிவு செய்தேன். மான்டபாவுர் நிலையத்தில் அதிவேக ரயில் பிடித்து, ஃபிராங்க்ஃபர்ட் வழியாக மியூனிக்.

மியூனிக்கில் மரியாஹில்ஃப் தேவாலயத்தைச் சுற்றிய திடலில் ஆண்டுக்கு மூன்று முறை அவுவர் டுல்ட் என்ற சந்தை கூடுகிறது: வசந்தத்தில், கோடையில், அக்டோபரில். ராட்டினமும் பொரித்த மீனும் ஒரு பக்கம். சட்டி பானைக்கென்று ஒரு பெரிய பகுதி. அதற்கு அப்பால் பழம்பொருள் கடைகள். பொத்தான், பழைய சாவி, சிலுவை, மான் கொம்பு, நடுவில் குவளைகள்.

ஒரு கடைக்காரர் என் கையில் ஒன்றைக் கொடுத்தார். அரை லிட்டர் பிடிக்கும். கனம் எதிர்பார்த்ததைவிட அதிகம். சாம்பல் உடம்பில் சதுரம் சதுரமாகக் கீறி, ஒன்றுவிட்டு ஒன்று நீலம் நிரப்பியிருந்தது. ஓரிடத்தில் நீலம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. அதைப் பார்த்ததும் மலையூர் அம்மாளின் நினைவு வந்தது. மூடி குவிந்து, உச்சியில் ஒரு சின்ன உருண்டை. கைப்பிடியின் தலையை ஈயப் பட்டை சுற்றிப் பிடித்திருந்தது. பட்டையும் மூடியும் சேரும் இடத்தில் ஐந்து கணுக் கொண்ட கீல், நடுவே ஊசி. கட்டைவிரல் வைக்கும் குமிழ் இரட்டை ஓக் காய் வடிவம். அதன் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. வலக்கைக்காரர் ஒருவரோ, தலைமுறையாகப் பலரோ. மூடியின் மேலே மூன்று எழுத்தும் ஓர் ஆண்டும் கீறியிருந்தன. 17 தெரிகிறது, மற்ற இரண்டு எண்ணும் துடைத்துத் துடைத்தே போய்விட்டன. மூடியைத் திருப்பினால் உள்ளே ஈயம் வார்த்தவரின் முத்திரை, நகக்கண் அளவு. கடைக்காரர் என் கையிலிருந்து வாங்கி விரல் மடக்கிக் குவளையைத் தட்டினார். மணிச் சத்தம். பிறகு பக்கத்தில் இருந்த இன்னொன்றைத் தட்டிக் காட்டினார். மொத்தென்றது. விரிசல் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

ஈயம் என்று பொதுவாகச் சொன்னாலும் இது பியூட்டர்: வெள்ளீயம் பெரும்பங்கு, அதோடு கொஞ்சம் காரீயம் அல்லது ஆன்டிமனி, செம்பு. நூரம்பர்க் சங்கத்தின் கணக்கில் பத்துப் பங்கு வெள்ளீயத்துக்கு ஒரு பங்கு காரீயம். காரீயம் மலிவு, அதிகம் கலந்தால் லாபம். அதனால்தான் முத்திரை கட்டாயம், கள்ளக் கலவை பிடிபட்டால் தண்டனை. கும்பகோணம் ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற வீட்டுக்காரர்களுக்கு இந்த உலோகத்தின் குணத்தை விளக்க வேண்டியதில்லை: உள்ளே ரசம் இருக்கும்வரை அடுப்பில் சொம்பு நிற்கும், வற்றவிட்டால் உருகி ஓடிவிடும். 232 டிகிரி போதும். இங்கே ஈயம் வார்ப்பவருக்கு இதுவே வசதி. 1,200 டிகிரியில் வெந்த குவளையின் கைப்பிடியைச் சுற்றி உருகிய ஈயத்தை வார்த்தால் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது. ஈயம் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

ஏன் மூடி? மியூனிக்கில் எந்த வழிகாட்டியைக் கேட்டாலும் ஒரே கதை: 14-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்தது, பிறகு ஈக்கூட்டம் வந்தது, பயந்துபோய் எல்லாப் பாத்திரத்துக்கும் மூடி வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எந்த ஊர்ச் சட்டம், எந்த ஆண்டு என்று கேட்டேன். வழிகாட்டி அடுத்த கட்டடத்தைக் காட்டத் தொடங்கிவிட்டார். எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. பிரபுக்கள் வெள்ளியிலும் பொன்னிலும் மூடி வைத்த பாத்திரத்தில் குடித்தார்கள். மண்ணில் குடிக்கிறவனுக்கும் கையில் காசு சேர்ந்ததும் அந்த மரியாதை வேண்டியிருந்தது. அவனால் முடிந்தது ஈயம். பெயரைப் பொறித்துக்கொள்ள மண்ணைவிட ஈயம் தோதும்கூட. ஈ விழாது என்பது உபரி லாபம்.

உபரி என்று சொன்னாலும் பீர்த் தோட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்த லாபம் சிறியதல்ல. பவேரியாவில் 1539-ஆம் ஆண்டு விதிப்படி, பீர் காய்ச்சலாம் என்றால் செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான். கோடையில் சூடு, தீ விபத்து, சரக்கும் கெட்டுவிடும். அதனால் கோடைக்கு வேண்டியதை வசந்தத்திலேயே காய்ச்சி நிலவறைகளில் வைத்தார்கள். நிலவறை குளிர்ந்திருக்க மேலே செஸ்ட்நட் மரம் நட்டார்கள். அகல இலை, ஆழமாக இறங்காத வேர். நிழல் இருக்கிறது, கீழே பீர் இருக்கிறது. சனங்கள் அங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நகரத்துச் சாராயக் கடைக்காரர்கள் கூச்சலிட, 1812 ஜனவரியில் அரசர் மாக்சிமிலியன் ஒரு சமரசம் செய்தார்: காய்ச்சுகிறவர்கள் நிலவறை வாசலில் பீர் விற்கலாம், ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக் கூடாது. சாப்பாட்டைக் கையோடு கொண்டுவந்து மரத்தடியில் பிரித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்றும் பீர்த் தோட்டங்களில் செல்லுபடியாகிறது. நான் எலுமிச்சைச் சாற்றோடு உட்கார்ந்திருந்தபோது பூவும் பூச்சியும் மேஜைமேல் விழுந்துகொண்டே இருந்தன. பக்கத்து மேஜைப் பெரியவர் ஒரு மடக்குக் குடிப்பார், 'டக்' என்று மூடுவார், பேசுவார், திறப்பார். என் டம்ளரில் ஒரு வண்டு நீந்திக்கொண்டிருந்தது.

ஹோஃப்பிராய்ஹவுஸ் பீர்க்கூடத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1589-இல் ஐந்தாம் வில்ஹெல்ம் கோமகன் அரண்மனைத் தேவைக்குத் தொடங்கியது, 1828-இல் பொதுமக்களுக்குத் திறந்தது, இன்று உலகத்துச் சுற்றுலாக்காரர்களின் சத்தம். ஆனால் கூடத்தின் ஓரத்தில் இரும்புக் கம்பிக் கதவு போட்ட அடுக்கு அலமாரிகள் நிற்கின்றன. ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு, உள்ளே ஒற்றைக் குவளை. வாடிக்கைக்காரர் வருவார், பூட்டைத் திறப்பார், குவளையைத் தொட்டியில் குளிர்ந்த நீரில் அலசுவார், தன் மேஜைக்குப் போவார். மூடியைத் திறந்து வைத்தால் இன்னும் ஊற்று என்று அர்த்தம். அந்த அறை சுலபமாகக் கிடைக்காது. அப்பாவுக்குப் பிறகு மகனுக்குப் போகும் வீடுகளும் உண்டு. அந்தச் சத்தத்துக்கு நடுவில் எனக்குப் பிடித்த இடம் அந்த அலமாரி ஒன்றுதான். கம்பி வழியாகப் பார்த்தேன்: மண்ணெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, மூடி ஒன்றுகூட இன்னொன்று போல இல்லை. தொழில் சின்னம், குடும்பச் சின்னம், பெயர், சங்கத்தின் பெயர்.

பவேரியாவில் பீரை அளக்கும் பழைய மாஸ் அளவு 1.069 லிட்டர். மெட்ரிக் முறை வந்தபோது ஒரு லிட்டர் ஆக்கினார்கள். குடிகாரர்களுக்கு அதில் இன்றும் வருத்தம். மண்குவளையில் இன்னொரு சங்கடம், உள்ளே எவ்வளவு ஊற்றியிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. நுரையை ஊற்றி ஏமாற்றலாம். கண்ணாடிக் குவளை மண்ணை விரட்டியதற்கு இது பெரிய காரணம். அளவு குறைத்து ஊற்றுவதை எதிர்க்கவே மியூனிக்கில் ஒரு சங்கம் இருக்கிறது என்றால் விஷயத்தின் தீவிரம் புரியும். 1881-இல் ஜெர்மன் பேரரசு சட்டம் கொண்டுவந்தது: விற்பனைக் கூடத்துப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் கொள்ளளவும் நிரப்ப வேண்டிய கோடும் இருக்க வேண்டும். 1884 முதல் அது நடைமுறை. பழம்பொருள் வாங்குகிறவர்களுக்கு அந்தக் கோடு பெரிய உதவி. கழுத்தருகே ஒரு கோடும் '0,5 லி' என்றும் இருந்தால், கடைக்காரர் எத்தனை நூற்றாண்டு சொன்னாலும் அது 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு முந்தையது அல்ல.

அந்தக் காலம்தான் இந்தக் குவளைகளின் இரண்டாம் பிறவி. பிரஞ்சுக்காரர்களை 1871-இல் வென்று பேரரசு அமைத்த ஜெர்மானியர்களுக்குப் பாட்டன் காலத்துப் பண்டங்கள் மேல் திடீர்க் காதல். ஹோரில் ரைன்ஹோல்ட் ஹாங்கே போன்றவர்கள் 16-ஆம் நூற்றாண்டுப் பாணியை அச்சில் எடுத்துப் பரப்பினார்கள். சார் ஆற்றங்கரையில் மெட்லாக்கின் பழைய மடாலயத்தில் வில்லராய் அண்டு போக் நிறுவனம் பல நிறக் களிமண்ணைப் பதித்து, படம் வரைந்தாற்போன்ற குவளைகளைச் செய்தது. விலை அதிகம், ஏலத்தில் இன்றும் அதற்குத்தான் போட்டி; என் கண்ணுக்கு அவை கொஞ்சம் வாயாடிகள். குள்ளனும் மாவீரனும் குடிகார மாணவனும் குவளை முழுக்க நெரிசலாக நிற்பார்கள். அதே நூற்றாண்டு மாறும் வேளையில் ரிச்சர்ட் ரீமர்ஷ்மிட் என்ற மியூனிக் வடிவமைப்பாளர், மலையூர் மெர்கல்பாக் பட்டறைக்கு வரைந்து கொடுத்த குவளைகளைப் பாருங்கள்: சாம்பல் உடம்பு, சில நீலப் புள்ளி, தட்டையான மூடி. அவ்வளவே. எனக்குக் காசு இருந்தால் அதைத்தான் வாங்குவேன்.

சந்தையில் என்னைக் கலங்கடித்தவை வேறு. ராணுவச் சேவை முடித்து ஊர் திரும்பும் இளைஞர்கள் நினைவுக்காக வாங்கிய குவளைகள். 1890-களிலிருந்து 1914 வரை இது பெரிய வழக்கம். காலாட்படையில் இரண்டு ஆண்டு, குதிரைப்படையில் மூன்று ஆண்டு சேவை. முடியும்போது படைப்பிரிவின் எண், சேவை செய்த ஆண்டுகள், சொந்தப் பெயர் எல்லாம் எழுதி, கைப்பிடியின் இருபக்கமும் கூட இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல். மூடியின் உச்சியில் படைவீரனோ குதிரையோ ஈயத்தில் வார்த்து நிற்கும். பீங்கானில் செய்தவற்றின் அடித்தட்டில் ஒரு மறைபடம்; குவளை காலியான பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காதலியிடம் விடைபெறும் காட்சி தெரியும். (அந்த இடத்தில் ஆடையில்லாத பெண் தெரிந்தால் அநேகமாகப் போலி, பிற்காலத்தில் சுற்றுலாக்காரர்களுக்குச் செய்தது.) ஒரு குவளையில் 1911–1913 என்று இருந்தது. கீழே இருபது, முப்பது பெயர். அடுத்த ஆண்டே அவர்களைப் போருக்கு மறுபடி கூப்பிட்டிருப்பார்கள். கடைக்காரர் விலை சொன்னார். நான் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் போரே மூடிகளையும் தின்றது. கப்பல் மறிப்பால் வெள்ளீயம் வராமல் போக, 1916 அக்டோபரில் அரசு ஆணை: பீர்க் குவளைகளின் ஈய மூடிகளைக் கணக்கெடுத்து ஒப்படைக்க வேண்டும். பெரும்பாலும் விடுதிகளிலும் பீர்க்கூடங்களிலும் இருந்தவை போயின. கைப்பிடியில் ஈயப் பட்டை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க, கீலில் அறுத்தெடுத்த குவளைகள் சந்தையில் மலிவாகக் கிடக்கின்றன. சில வியாபாரிகள் வேறு குவளையின் மூடியைக் கழற்றி இதில் பொருத்தி முழுக்குவளை விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். மூடியின் வட்டமும் வாயின் வட்டமும் ஒன்றி உட்காருகிறதா, கீலருகே புதிதாகப் பற்றவைத்த பளபளப்பு இருக்கிறதா, உடம்பின் தேய்மானமும் குமிழின் தேய்மானமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு என் கருத்து: மூடியில்லாத குவளை கிடைத்தால் அப்படியே வாங்குங்கள், புது மூடி போடாதீர்கள். அறுபட்ட அந்தப் பட்டை பொய் மூடியைவிட மதிப்புள்ளது. இருக்கிற மூடியைப் புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்காதீர்கள். கருமை போனால் எழுத்தும் போகும், சந்தையில் நான் பார்த்த குவளைக்கு நேர்ந்தது அதுதான். பழைய மூடியில் காரீயம் இருக்கும் என்பதால் அதில் எதையும் ஊற்றிக் குடிக்க வேண்டாம், மோரைக்கூட. குடித்தே பார்க்க வேண்டும் என்றால் காரீயம் கலக்காத மூடியோடு புதுக்குவளை எங்கும் கிடைக்கிறது. மியூனிக் ரயில் நிலையக் கடைகளில் கோட்டைப் படம் ஒட்டி விற்பவை வேண்டாம். மலையூர்ப் பட்டறைகளில் இன்றும் சிலர் உப்பு போட்டுச் சுடுகிறார்கள், அவர்களிடம் வாங்குங்கள். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் மியூனிக்கை விட்டுவிட்டு ஹோர்-கிரென்ஸ்ஹவுசன் போங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகம் அன்று விடுமுறை.